ரெரிக் யாருடைய ஊர்? கிணற்றுப் பலகைகளும் கல்லறைகளும் காட்டுவது

கேட்கப்பட்டவை மூன்று. ஜெர்மனியின் பால்டிக் கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடியிருப்பை, 808ஆம் ஆண்டில் அழிக்கப்பட்டதாக ஃபிராங்கிய அரசின் ஆண்டுக்குறிப்பு சொல்லும் ரெரிக் துறைதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஸ்லாவியர் நாட்டில் இருந்த அந்த ஊரைச் சிலர் வைகிங் ஊர் என்றும் சிலர் ஸ்லாவிய ஊர் என்றும் எழுதுவதில் எது சரி? அங்கிருந்த வணிகர்களை டேனிய மன்னன், பின்னாளில் பெரிய வைகிங் வணிக நகரமாக வளர்ந்த ஹெய்தாபூவுக்கு இடம் மாற்றினான் என்பதற்கு மண்ணில் சான்று உண்டா? முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை உண்டு. விவகாரம் முழுவதும் இரண்டாவதில்தான் இருக்கிறது என்பதால் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

எழுத்துச் சான்றிலிருந்து தொடங்குவோம். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய மேற்கு மெக்லென்பர்க், கிழக்கு ஹோல்ஸ்டைன் பகுதிகளில் வாழ்ந்த ஸ்லாவியர் ஒபோட்ரிட்டுகள் எனப்பட்டனர். இவர்கள் ஃபிராங்கிய மன்னர் சார்லமேனின் கூட்டாளிகள். 798இல் இவர்களுடைய தலைவன் த்ராஸ்கோ எல்பே ஆற்றுக்கு வடக்கே இருந்த சாக்சன்களைப் போரில் முறியடித்தான். 804இல் அந்தச் சாக்சன்களின் நிலத்தைச் சார்லமேன் ஒபோட்ரிட்டுகளுக்கே கொடுத்துவிட்டார். இதனால் டேனிய மன்னன் கோட்ஃப்ரெடின் எல்லை வரை ஃபிராங்கியச் செல்வாக்கு வந்து நின்றது. 808இல் அவன் படையுடன் வந்து, த்ராஸ்கோவை விரட்டி, கோடெலாய்ப் என்னும் இன்னொரு தலைவனைத் தூக்கிலிட்டு, ஒபோட்ரிட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கப்பம் கட்ட வைத்தான். திரும்பும் முன் ஒரு கடற்கரை வணிகத்துறையை அழித்தான். டேனியர் மொழியில் ரெரிக் எனப்படும் அந்தத் துறை, வரி செலுத்துவதன் மூலம் அவனுடைய நாட்டுக்கே பெரும் நன்மை தந்துவந்தது என்று ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அங்கிருந்த வணிகர்களை அழைத்துக்கொண்டு அவன் ஸ்லீஸ்தோர்ப் துறைமுகத்துக்குக் கப்பலேறினான். பிற்காலத்தில் ஹெய்தாபூ என்று புகழ்பெற்ற இடத்தை ஒட்டிய துறை அது.

அடுத்த ஆண்டுக்கான குறிப்பில் வரும் ஒரு சின்னச் செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. 809இல் த்ராஸ்கோ, கோட்ஃப்ரெடின் ஆட்களால் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். கொல்லப்பட்ட இடம் ரெரிக் வணிகத்துறை. முந்தைய ஆண்டே அழிந்துபோன ஊரில் ஒரு தலைவன் எதற்காக வந்து தங்குகிறான்? ஆகவே ‘அழித்தான்’ என்பதைச் சாம்பலாக்கினான் என்று எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒரு தேதி தெளிவாகப் புரியும்.

ஊர் எங்கே இருந்தது என்பதை ஆண்டுக்குறிப்பு சொல்லவில்லை. லூபெக், மெக்லென்பர்க் கோட்டை என்று பல இடங்கள் முன்மொழியப்பட்டன. 1938இல் நாஜி ஆட்சியில், ஆல்ட் கார்ட்ஸ் என்ற கடற்கரைச் சிற்றூர்தான் பழைய ரெரிக் என்று முடிவுகட்டி, அதற்கு நகரத் தகுதி கொடுத்து, பெயரையும் ரெரிக் என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நிலப்படத்தில் ரெரிக் என்று தேடி அங்கே போய் இறங்குகிறவர்கள் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து.

அவர்கள் சுட்டும் இடம், விஸ்மார் விரிகுடாவின் கிழக்குக் கரையில், போயல் தீவுக்கு எதிரே உள்ள க்ரோஸ் ஷ்ட்ரோம்கென்டோர்ஃப். 1990களில் மாநிலத் தொல்லியல் துறையும் கீல் பல்கலைக்கழகமும் இணைந்து இங்கே விரிவாக அகழ்ந்தன. குழி வீடுகள், கைவினைக் கழிவுகள், கிணறுகள், ஒரு பெரிய ஈமக்காடு எல்லாம் வெளிப்பட்டன. வெளிநாட்டுப் பொருள்களும் கணிசமாக இருந்தன: ரைன் ஆற்றுப் பகுதியின் எரிமலைப் பாறையில் செதுக்கிய திரிகைக் கற்கள், அதே பகுதிச் சக்கரப் பானைகள், கண்ணாடிக் கலங்களின் உடைசல்கள், வடகடல் வணிகத்தில் புழங்கிய சியாட்டா எனப்படும் சிறு வெள்ளிக் காசுகள். மான்கொம்பில் சீப்பு செய்தல், அம்பர் என்னும் புதைபடிவப் பிசினைக் கடைதல், கண்ணாடி மணி வார்த்தல், உலோக வேலை ஆகியவை ஊருக்குள்ளேயே நடந்திருக்கின்றன.

இவை மட்டும் இருந்திருந்தால், அது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வணிகத்துறை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ரெரிக் என்ற பெயரைச் சூட்டும் துணிவைக் கொடுத்தவை கிணறுகள்.

மணற்பாங்கான கரையில் கிணறு தோண்டினால் பக்கச் சுவர் சரியும். ஆகவே ஓக் பலகைகளைச் சதுரப் பெட்டியாக அடுக்கி உறை இறக்கினார்கள். நிலத்துக்கு மேலே இருந்த மரமெல்லாம் சில தலைமுறைகளுக்குள் மக்கிப்போயிற்று. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே காற்றுப் படாமல் கிடந்த உறைப் பலகைகள் மட்டும் 1,200 ஆண்டுகளுக்குப் பிறகும் ரம்பத்தால் அறுத்துப் பார்க்கும் அளவுக்கு உறுதியாக இருந்தன. ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும்; ஈரமான ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒடுக்கமாக. ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரே வரிசையில் பதிவாவதால், பலகையின் வரிசையை ஏற்கெனவே ஆண்டு தெரிந்த நெடுவரிசையோடு பொருத்தி, ஒவ்வொரு வளையமும் எந்த ஆண்டில் விளைந்தது என்று கணிக்கலாம். பட்டைக்கு அடியில் இருக்கும் கடைசி வளையம் கிடைத்தால் மரம் வெட்டப்பட்ட ஆண்டே கிடைத்துவிடும். அது செதுக்கப்பட்டுப் போயிருந்தால், பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரப்பகுதியில் வட ஜெர்மானிய ஓக்குகளுக்குச் சராசரியாக 20 வளையங்கள் இருக்கும் என்ற கணக்கைக் கொண்டு, பத்துப் பதினைந்து ஆண்டு முன்பின்னாகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் ஓக்கை உலர வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பழக்கம் பொதுவாக இல்லை. பச்சையாக இருக்கும்போதே பிளந்து வேலைக்கு எடுத்தார்கள். ஆகவே வெட்டிய ஆண்டைக் கிணறு கட்டிய ஆண்டாகக் கொள்வதில் பெரிய பிழை வராது. பழைய பலகையை மறுபடி பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஒன்றே இதில் உள்ள ஆபத்து. பல கிணறுகளின் தேதிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது அந்த ஆபத்தும் குறைகிறது.

இப்படிக் கிடைத்த தேதிகள் 8ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தொடங்கி, கட்டம் கட்டமாகத் தொடர்ந்து, 811 அளவில் நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு புதுக் கிணறு இல்லை. 808இல் தாக்குதல், 809இல் அதே ஊரில் த்ராஸ்கோவின் கொலை, 810இல் கோட்ஃப்ரெட் தன் ஆள் ஒருவனாலேயே கொல்லப்படுதல், 811இல் அவனுக்குப் பின் வந்த ஹெம்மிங் ஃபிராங்குகளோடு செய்துகொண்ட சமாதானம் என்ற அரசியல் வரிசையோடு இந்த முடிவு நெருங்கிப் பொருந்துகிறது. ஊர்ப் பெயர் பொறித்த கல் எதுவும் கிடைக்கவில்லை; கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ஒபோட்ரிட்டுகளின் கரையில், சரியான அளவில், சரியான வணிகத்தோடு, சரியான ஆண்டில் மங்கிப்போகும் இன்னொரு துறை இதுவரை காட்டப்படவில்லை. என் கணிப்பில் இந்த அடையாளம் ஏற்கத்தக்கது.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். துறைமுகம் இப்போது நீருக்குள் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு கடல்மட்டம் உயர்ந்ததோடு அலைகளும் கரையை அரித்துக்கொண்டே வந்ததால், படகுகள் ஒதுங்கிய குடாவைக் கடலடியில் துளையிட்டும் புவியியற்பியல் கருவிகளால் அளந்தும்தான் கண்டறிய முடிந்தது. நாம் பார்த்திருப்பது ஊரின் பின்பகுதியை. கப்பல் வந்து நிற்கும் முகப்பை அல்ல.

இனி இரண்டாவது கேள்வி. வைகிங் ஊர் என்று எழுதுகிறவர்களின் வாதம் ஈமக்காட்டிலிருந்து வருகிறது. அங்கே 200க்கும் மேற்பட்ட அடக்கங்கள் உள்ளன. எரியூட்டியவையும் உண்டு, உடலை அப்படியே புதைத்தவையும் உண்டு. எரித்த எலும்பைப் பானையில் இட்டவை, குழியில் கொட்டியவை, மேடு எழுப்பி வட்டப் பள்ளம் சூழ்ந்தவை, குதிரையையும் நாயையும் சேர்த்துப் புதைத்தவை, படகில் வைத்துப் புதைத்தவை என்று வகைகள் பல. படகு அடக்கம் ஸ்காண்டிநேவிய மரபாக அறியப்பட்டது. குழி வீடுகளையும் அந்தப் பக்கமே சேர்ப்பார்கள். இந்த வட்டாரத்து ஸ்லாவியர் நிலமட்டத்தில் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளில் வாழ்ந்தவர்கள், தரையைத் தோண்டி மேலே கூரை வேயும் சிறு வேலைக்கூடங்கள் சாக்சன், ஃப்ரீசிய, ஸ்காண்டிநேவியப் பழக்கம் என்பது அந்த வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் இங்கே தங்கினார்கள், இறந்தார்கள், தங்கள் முறைப்படியே புதைக்கப்பட்டார்கள் என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் ஊரில் பெரும்பான்மையினர் யார் என்று கேட்டால், எண்ணிக்கைக்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: யாருடைய சாவு மண்ணில் தடயம் விடும், யாருடையது விடாது?

படகு அடக்கம் எப்படிக் கண்டறியப்படுகிறது என்று பாருங்கள். உலர்ந்த மணலில் மரம் மிஞ்சாது. அகழ்கிறவருக்குக் கிடைப்பவை துருப்பிடித்த இரும்புத் தறையாணிகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமரும் பலகைகளைப் பிணைக்க அடித்த அந்த ஆணிகள், பலகை மக்கிய பிறகும் தம் இடத்திலேயே வரிசையாகக் கிடக்கும். ஒவ்வோர் ஆணியின் இருப்பிடத்தையும் ஆழத்தையும் குறித்து, புள்ளிகளை இணைத்தால் படகின் வளைவு தாளில் எழும். மிக அழகான முறை. ஆனால் பால்டிக் தென்கரையின் ஸ்லாவியப் படகுக்காரர்கள் பலகைகளை இரும்பால் பிணைப்பதைவிட மர முளைகளால் பிணைப்பதையே விரும்பினார்கள். இடுக்குகளைப் பாசி வைத்து அடைத்தார்கள். அப்படிப்பட்ட படகு ஒன்றை அதே மணலில் புதைத்திருந்தால், முளையும் பலகையும் பாசியும் ஒருசேர மக்கி, மண்ணின் நிறத்தில் ஒரு மங்கல் கறை மட்டுமே எஞ்சும். பல சமயம் அதுவும் எஞ்சாது. ஆணி எண்ணிக்கையை வைத்து மரபைக் கணக்கிடுகிறவர் இரும்பைப் பயன்படுத்தியவர்களை மட்டுமே எண்ணுகிறார்.

உடை விஷயத்திலும் இதே கதைதான். ஸ்காண்டிநேவியப் பெண்ணின் மேலாடை வெண்கல ஊசிப் பதக்கங்களால் தோளில் பிணைக்கப்பட்டது. அந்தப் பதக்கம் ஒன்றே அவள் எந்த வட்டாரத்தவள் என்பதை இன்றும் காட்டிக்கொடுக்கும். அக்காலத்து மேலை ஸ்லாவியப் பெண்ணின் உடையில் அப்படி உலோகம் ஏதும் வேண்டியிருக்கவில்லை. 8ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்து ஸ்லாவியர் இறந்தோரை எரித்தார்கள். சாம்பலைப் பெரும்பாலும் ஆழமாகப் புதைக்காமல் நிலத்தின் மேற்பரப்பிலேயே விட்டார்கள் என்று கருதப்படுகிறது. அதனால்தான் நன்கு ஆராயப்பட்ட பகுதிகளில்கூட அவர்களுடைய குடியிருப்புகள் நிறையக் கிடைக்கின்றன, ஈமக்காடுகள் அபூர்வமாகவே கிடைக்கின்றன. ஓர் உழவு போதும், அந்த அடக்கம் இருந்த இடம் தெரியாமல் போக. எனவே ஒரு ஈமக்காட்டில் அந்நிய முறைகள் மிகுந்து தெரிவது, அந்நியர் மிகுதியாக இருந்ததையும் காட்டலாம். உள்ளூராரின் முறை கண்ணுக்குத் தப்புவதையும் காட்டலாம்.

எதிர்ப்பக்கத்துச் சான்று பானை. க்ரோஸ் ஷ்ட்ரோம்கென்டோர்ஃபின் ஓடுகளில் மிகப் பெரும்பாலானவை ஸ்லாவிய வகை: கையால் வனைந்த, அலங்காரம் அற்ற சுக்கோவ் வகை, மெதுவாகச் சுழலும் தட்டில் விளிம்பு திருத்தி, சீப்புக் கோடுகள் இழுத்த ஃபெல்ட்பெர்க் வகை. இதைக் கொண்டு ‘ஊரே ஸ்லாவியர் ஊர்’ என்று முடித்துவிடலாமா? அதற்கும் நான் தயங்குவேன். வெளியூர் வணிகன் சட்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. வந்த இடத்தில் கிடைப்பதை வாங்குகிறான், அல்லது அந்த ஊர்ப் பெண்ணை மணந்து அவள் வனைவதில் உண்கிறான். பிற்காலத்தில், 10, 11ஆம் நூற்றாண்டுகளில், ஸ்லாவிய முறைப் பானை டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் பரவி அங்கேயே செய்யப்பட்டது. பானையை வைத்து மட்டும் இனம் சொன்னால் அந்த நாடுகளில் பாதியை ஸ்லாவியர் ஆக்க வேண்டிவரும். ஆனாலும் ஒன்று உறுதி. தினமும் உடையும் சட்டி, உண்ணும் தானியம், எரிக்கும் விறகு, கிணற்றுக்கு வெட்டிய ஓக் எல்லாம் பின்னாலிருந்த ஒபோட்ரிட் கிராமங்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் வந்தாக வேண்டும். அந்த ஊருக்குக் கோட்டைச் சுவர் இல்லை. மூன்று தலைமுறைக் காலம் அரண் இல்லாமல் ஒரு செல்வமான துறை நின்றது என்றால், நிலத்துக்கு உரிய தலைவர்கள் அதைக் காத்தார்கள் என்பதே பொருள். அதே வேளையில், ஆண்டுக்குறிப்பின்படி வரியால் பயன்பெற்றது டேனிய மன்னனின் நாடு. காவலும் நிலமும் ஒரு பக்கம், வரியில் பங்கு இன்னொரு பக்கம் என்ற இந்த இரட்டை நிலையே 808இல் வெடித்தது என்று நான் கருதுகிறேன். ஃபிராங்குகளின் கூட்டாளி கையில் இருக்கும் துறை தனக்குக் கிடைக்காவிட்டால் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று கோட்ஃப்ரெட் நினைத்திருப்பான்.

இந்தக் கலவை ரெரிக்குக்கு மட்டும் உரியது அல்ல. அதே பால்டிக் கரைப் பகுதியில், பீனே ஆற்றங்கரையின் மென்ட்ஸ்லினில் கற்களைப் படகு வடிவில் நட்டு, நடுவே பெண்களின் சாம்பலை வைத்திருக்கிறார்கள். இது தெளிவான ஸ்காண்டிநேவிய முறை. ரூகன் தீவின் ரால்ஸ்வீக்கில், 9ஆம் நூற்றாண்டின் நடுவில் எரிந்துபோன ஒரு வீட்டில், 1973ஆம் ஆண்டு 2,200க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அரபு திர்ஹம்கள். கடைசிக் காசுகள் 840களைச் சேர்ந்தவை. கலீஃபா நாட்டு வெள்ளி ரஷ்ய ஆறுகள் வழியாக இந்தத் தீவுக்கு வந்து, உரிமையாளர் திரும்பி வந்து எடுக்க முடியாமல் போனது. அவர் ஸ்லாவியரா ஸ்காண்டிநேவியரா என்பதற்குக் காசு விடை சொல்லாது. அதே ரால்ஸ்வீக்கில் கிடைத்த படகுகளோ மர முளை அடித்தவை. டென்மார்க்கின் ஃபால்ஸ்டர் தீவில், ஃப்ரிப்ரோட்ரே ஓடையருகே, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயங்கிய ஒரு படகுப் பட்டறையில் இத்தகைய மர முளைகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே ஸ்லாவியக் கைவேலை டேனிய மண்ணில் இருக்கிறது. போக்குவரத்து இருவழி என்பதை ‘வைகிங் காலனி’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

அந்தச் சொல்லின் பின்னணியும் தூய்மையானது அல்ல. 1934இல் ஓடர் கழிமுகத்து வோலினில் ஜெர்மானியர் தோண்டியபோது, சாகாக்கள் எனப்படும் பழைய ஐஸ்லாந்தியக் கதைகளில் வரும் யோம்ஸ்போர்க் என்ற வைகிங் கோட்டையைக் காணும் ஆவல் இருந்தது. போருக்குப் பின் ஊர் போலந்துக்குப் போனது. 1952இலிருந்து போலந்துத் தொல்லியலாளர் ஃபிலிபோவியாக் தலைமையில் நடந்த நீண்ட அகழாய்வுகள் அதன் ஸ்லாவிய முகத்தை முன்வைத்தன. 1974இல் அங்கே கிடைத்த, ஸ்லாவியத் தெய்வத்தினுடையதாகக் கருதப்படும், விரல் நீளமே உள்ள நான்கு முக மரச்சிலை அந்தப் படிமத்துக்கு வலுச்சேர்த்தது. இரு தரப்பும் கண்டெடுத்தவை உண்மையான பொருள்கள். எதை முதலில் காட்டுவது என்பதில்தான் காலத்தின் கை தெரிகிறது. 1070களில் ஜெர்மானியத் திருச்சபை வரலாற்றாசிரியர் ப்ரேமனின் ஆதாம் இந்த ஊரைப் பற்றி எழுதியது இருவரைவிடவும் நிதானமானது: ஸ்லாவியரோடு வேற்று இனத்தாரும் அங்கே வாழ்கிறார்கள், சாக்சன்களும் தங்கலாம், தங்கியிருக்கும்வரை கிறித்தவத்தை வெளிப்படையாகக் காட்டாமல் இருந்தால் போதும் என்கிறார். இது ஊரின் உரிமையாளர் விதிக்கும் நிபந்தனை. விருந்தாளி விதிப்பது அல்ல.

ரெரிக்கையும் இவ்வாறே சொல்வேன்: ஒபோட்ரிட்டுகளின் நிலத்தில், அவர்கள் இசைவோடும் அவர்கள் உணவிலும் நின்ற, பல மக்கள் கலந்து வாழ்ந்த துறை. இன்னொன்றும் உண்டு. வைகிங் காலத்தின் தொடக்கமாக வழக்கமாகக் கொள்ளப்படும் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மீதான தாக்குதல் 793இல் நடந்தது. அதற்குள் இந்த ஊரின் கிணறுகள் பல தடவை புதுப்பிக்கப்பட்டுவிட்டன. ஊர் வைகிங் காலத்துக்கு முற்பட்டது, அதன் முடிவு மட்டுமே அந்தக் காலத்துக்குள் விழுகிறது.

கடைசியாக, வணிகர்களின் இடமாற்றம். ஹெய்தாபூவில் 8ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சிறு குடியிருப்பு இருந்தது. எனவே கோட்ஃப்ரெட் வெறுங்காட்டில் ஊர் அமைக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே மனைகள் வகுக்கப்பட்டு, ஓடைக்கரை பலகையிட்டுக் கட்டப்பட்டு, ஊர் விரைவாக வளர்ந்ததை மரத் தேதிகள் காட்டுகின்றன. ரெரிக் ஒடுங்கும் அதே வேளையில் இது நிகழ்வதால் ஆண்டுக்குறிப்பை நம்பக் காரணம் இருக்கிறது. ஆனால் ஹெய்தாபூவில் கிடைக்கும் ஸ்லாவியப் பானை ஓடுகளைச் சுட்டி, இவை 808இல் வந்தவர்களுடையவை என்று சிலர் எழுதுவதை ஏற்க முடியாது. அந்த ஊர் அதன் பிறகு 11ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. பக்கத்திலேயே ஸ்லாவியர் நாடு இருந்தது. சட்டிகள் வந்துகொண்டே இருந்தன. தேதி உறுதியான அடுக்கில், 9ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டுகளைச் சேர்ந்த ஓடுகளைத் தனியே பிரித்து, அவற்றின் களிமண் விஸ்மார் விரிகுடாவினுடையதா ஹெய்தாபூ இருந்த ஷ்லை கழிமுகத்தினுடையதா என்று பார்த்தால்தான், அதைப் பற்றி ஏதேனும் சொல்ல முடியும்.